விரலக்கா தராத கடிதம்

யார் வீட்டுக்குப் போனாலும், குடித்து முடித்த தம்ளருக்குள் அவள் கட்டைவிரலை விட்டுப் பார்ப்பாள். தண்ணீர்க் குழாய், மருந்துப் புட்டி, பேனா மூடி, சைக்கிள் ஹாண்டில்பாரின் முனை என்று எதையும் விட்டதில்லை. ஓட்டை என்று ஒன்று கண்ணில் பட்டால் அதற்குள் அவள் விரல் போயிருக்கும். ஒருமுறை பஸ் இருக்கையின் கம்பி முனையில் விரலை விட்டு, அது வெளியே வர மறுத்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி டிப்போ வரை போனாள். அங்கே மெக்கானிக் எண்ணெய் ஊற்றி எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தவள் வெட்கப்படவில்லை. "சரியா இருபது மில்லிமீட்டர். ஒரு நூல்கூட பிசகல" என்றாள்.

தையற்காரரான அவள் கணவர் பல்லில் ஊசியைக் கடித்தபடியே சொன்னார்: "நல்லவேளை, இவளப் பொண்ணு பாக்கப் போனப்ப நான் கொட்டாவி விடல."

அந்தப் பழக்கம் அவளுடைய பதினேழாம் வயதில் வந்தது. அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் அது. துப்பாக்கிச் சுடும் கழகத்தின் பழுதுபார்க்கும் அறையில் துடைப்பதற்கும் எண்ணெய் போடுவதற்கும் ஆள் கேட்டார்கள், போனாள். மூன்று வருஷத்தில் அந்த அறை அவளுடையதாகிவிட்டது. தகரக் கூரை, ஒற்றை ஜன்னல், இரும்பை இறுக்கிப் பிடிக்க ஒரு பட்டறைப் பிடி, ஸ்பிரிங்கை அமுக்குவதற்கு அவளே இரும்புச் சட்டத்தில் செய்துகொண்ட கருவி. கழகத்தில் எல்லோரும் அவளை விரலக்கா என்றார்கள். அவள் தம்பிக்கு மட்டும் வெறும் அக்கா. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. அந்த அறையில் அவள் நின்ற நேரத்தில்தான் அவன் பள்ளிக்கும் பிறகு கல்லூரிக்கும் போனான். அந்தக் குடும்பத்தில் பட்டத்துக்குச் சட்டம் போட்டு மாட்டிய முதல் சுவர் அவர்கள் வீட்டுச் சுவர்தான். ஆணி அடித்தவளும் அவளே.

காற்றுத் துப்பாக்கிக்குள் வெடிமருந்து கிடையாது. ஸ்பிரிங்கை அழுத்தி மாட்டி வைக்கிறோம். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை நசுக்குகிறது. நசுங்கிய காற்று ஒரு சின்னத் துளை வழியாகப் பாய்ந்து ஈயக் குண்டைத் துரத்துகிறது. ஆக, குண்டைத் தள்ளுவது ஸ்பிரிங் அல்ல, காற்று. இந்த ஒரு வரிக்காகத்தான் அவள் வாழ்க்கையில் இவ்வளவு ரகளையும் நடந்தது.

கழகத்தில் பதினான்கு துப்பாக்கிகள் இருந்தன. காகித இலக்குக்கு அவை போதும். ஆனால் அந்த வருஷப் போட்டியில் காகிதத்தை எடுத்துவிட்டு, நாற்பது அடிக்கு அப்பால் கீல் வைத்த இரும்புத் தட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். குண்டு பட்டால் தட்டு பின்னால் சாய வேண்டும். கழகத்தின் துப்பாக்கிகள் சுட்டபோது தட்டுகள் "டிங்" என்று பதில் சொல்லிவிட்டு அப்படியே நின்றன.

செயலாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. எதையும் முறைப்படி செய்கிறவர். பதினான்கு முரட்டு ஸ்பிரிங்குகளை முறைப்படி வரவழைத்தார்.

"எல்லாத்துலயும் இத மாட்டிடும்மா."

"மாட்டலாம் சார். ஆனா தட்டு விழாது."

"ஏன் விழாது?"

"சிலிண்டர் சின்னது சார். உள்வாய் இருபத்திரண்டு மில்லிதான். உள்ள இருக்கற காத்தே அவ்வளவுதான். ஸ்பிரிங்க எவ்வளவு முரடா போட்டாலும், இல்லாத காத்த அது எங்கேர்ந்து கொண்டு வரும்?"

"நீ மாட்டு. காத்த நான் பாத்துக்கறேன்."

மாட்டினாள். அதில் குறை வைக்கவில்லை. குறை வைக்க அவளுக்குத் தெரியாது. மாட்டிய மறுநாளே துப்பாக்கிகள் உதைக்க ஆரம்பித்தன. குறிபார்க்கும் கண்ணாடியின் திருகுகள் கழன்றன. பிஸ்டன் முனையில் இருக்கும் தோல் வளையங்கள் கிழிந்தன. நேராகப் போன குண்டுகள் தட்டுக்குப் பக்கத்து மரத்தைத் தேடிப் போயின. பயிற்சி கொடுக்கும் அம்மா தோளைத் தடவிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"அக்கா, இது தட்டைச் சுடுதா என்னைச் சுடுதான்னே தெரியல."

"தட்டு?"

"தட்டு நல்லா இருக்கு. என்னப் பாத்து சிரிக்குது."

செயலாளருக்கு ஸ்பிரிங் தப்பு என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஸ்பிரிங் சரியென்றால் மாட்டிய கைதான் தப்பாக இருக்க வேண்டும். அதைத் தன் வாயால் சொல்வதைவிடப் படித்த ஒருவன் எழுதிக் கொடுத்தால் முறைப்படி இருக்கும் என்று தோன்றியது. படித்தவனைத் தேடி அவர் வெகுதூரம் போகவில்லை. விரலக்காவின் தம்பி தண்ணீர்ப் பம்பு செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தான். அங்கே போய், வாசலில் நின்று, "இன்ஜினியர் சார் இருக்காரா?" என்று கேட்டார்.

அவனை அதுவரை யாரும் அப்படிக் கேட்டு வந்ததில்லை. தொழிற்சாலையில் அவன் "டேய்", மிஞ்சிப்போனால் "தம்பி". செயலாளர் மேசை மேல் இரண்டு ஸ்பிரிங்குகளை வைத்தார், பழையது ஒன்று, புதியது ஒன்று. "கழகத்துத் துப்பாக்கில இத மாத்தினா பவர் எவ்வளவு கூடணும்? கூடலன்னா என்ன காரணம்? சும்மா ஒரு கணக்குதான்" என்றார்.

தம்பி கணக்குப் போட்டான். ஸ்பிரிங்கின் இறுக்கம் எவ்வளவு, அது அமுங்கும் தூரம் எவ்வளவு என்று அளந்து, கல்லூரியில் படித்த சூத்திரத்தில் போட்டான். விடை அழகாக வந்தது. 'திறன் ஒன்றரை மடங்குக்கு மேல் உயர வேண்டும். உயரவில்லையெனில் பொருத்துதலில் குறை இருக்கலாம்' என்று எழுதி, பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் போட்டுக் கையெழுத்திட்டான்.

கழகத்தில் ஸ்பிரிங் பொருத்துவது யார் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். 'இருக்கலாம்' என்றுதானே எழுதினேன் என்று பிற்பாடு பல வருஷம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். ஆனால் அந்த நிமிஷம் மனசுக்குள் அக்கா இல்லை, இன்ஜினியர் சார் மட்டும்தான் இருந்தார். தன்னை அப்படிக் கூப்பிட்டு யாராவது ஒருநாள் ஒன்று கேட்பார்கள் என்று பத்து வருஷமாகக் காத்திருந்தவன், கேட்டது எதற்காக என்று கேட்க மறந்துவிட்டான்.

அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடியது. நீள மேசையைச் சுற்றி ஏழு பேர். மேசையின் கடைசியில் விரலக்கா, உட்கார நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருந்தாள். செயலாளர் தாளை எடுத்து வாசித்தார். கடைசியில் கையெழுத்திட்டவனின் பெயரை மட்டும் கொஞ்சம் நிறுத்தி, சுவைத்து வாசித்தார்.

அவள் கையை நீட்டினாள். "அந்தத் தாள இப்படிக் குடுங்க" என்று வாங்கி, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இதுல சிலிண்டர் எங்க சார்?"

"கணக்கு சரியா இருக்குல்ல?"

"கணக்கு சரிதான். துப்பாக்கியக் காணோம்."

பயிற்சியாளர் அம்மா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். செயலாளருக்குச் சுள்ளென்று ஏறியது. "தவறாப் பொருத்தினேன்னு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு. இல்லன்னா பட்டறைச் சாவிய இங்க வை."

"சார், ஒரு நிமிஷம் நான் சொல்றதப் பாருங்க. இதான் உங்க சிலிண்டர்னு வச்சுக்குங்க." பேச்சு வேகத்தில் அவள் கை தானாக நீண்டது. செயலாளரின் முன்னால் இருந்த கண்ணாடித் தம்ளருக்குள் கட்டைவிரலை விட்டாள். "இதுக்குள்ள எவ்வளவு காத்து இருக்கு? இந்த அளவுதான? நான் மெதுவா குத்தினாலும், ஓங்கிக் குத்தினாலும்..."

தம்ளரில் பாதி டீ இருந்தது.

அவள் விரலை எடுத்தாள். சூடு பட்டதுகூட அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. செயலாளர் தம்ளரைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், பிறகு குறிப்பேடு எழுதுகிறவரிடம் மிக மெதுவாக, "இதையும் எழுதிக்குங்க" என்றார்.

அப்படியாக மன்னிப்புக் கடிதம் இரண்டு குற்றங்களுக்கானது ஆயிற்று. ஒன்று, ஸ்பிரிங்குகளைத் தவறாகப் பொருத்தியது. இரண்டு, செயலாளரின் தேநீரில் விரல் விட்டது.

"கடிதமும் வராது, சாவியும் வராது" என்றாள் விரலக்கா. "சனிக்கிழமை காலைல எல்லாரும் மைதானத்துக்கு வாங்க. பழைய ஸ்பிரிங்க வச்சே தட்ட சாய்க்கறேன். சாய்க்கலன்னா சாவிய நானே தூக்கி எறியறேன், நீங்க குனிஞ்சு எடுத்துக்கலாம்."

அன்று சாயங்காலம் தம்பி அவள் வீட்டுக்குப் போனான். விஷயம் காதுக்கு எட்டிவிட்டது. மாமா வாசலிலேயே கத்தரிக்கோலோடு நின்றிருந்தார்.

"வாங்க மாப்ள. உள்ள வரும்போது பட்டத்த வெளில கழட்டி வச்சிட்டு வாங்க. அவ இன்னிக்கு நல்ல மனசுல இல்ல."

அக்கா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா..."

"பம்பு கம்பெனிலதான வேல பாக்கற?"

"ஆமாக்கா."

"பம்புக்குள்ள சிலிண்டர் இருக்குமா இருக்காதா?"

தினமும் நூறு சிலிண்டர்களுக்குள் அளவுக்கருவியை விட்டுப் பார்க்கிறவன் அவன்.

"வாய் நெறையக் காத்த அடக்கி ஊதறதுக்கும், வெறும் வாயோட வேகமா ஊதறதுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு? வெறும் வாயோட எவ்வளவு ஆத்திரமா ஊதினாலும் தீக்குச்சிதாண்டா அணையும்." அவள் திரும்பவேயில்லை. "தப்பாப் போட்டத விடு. யாருக்குப் போட்டுக் குடுத்த பாரு, அதச் சொல்றேன். போ. சாப்பிட்டுப் போ, ஆனா போ."

சாப்பிடாமல் போனான்.

சனிக்கிழமை. தட்டுகள் ஐந்து வரிசையாக நின்றன. குழு முழுக்க வந்திருந்தது. செயலாளர் கையில் அந்தத் தாள், கண்ணாடி உறைக்குள். தம்பி கூட்டத்தின் பின்னால் மரத்தடியில் நின்றான்.

முதலில் அவள் முரட்டு ஸ்பிரிங் போட்ட கழகத் துப்பாக்கியை எடுத்தாள். சுட்டவர் பயிற்சியாளர் அம்மா, குறி தவறாதவர். மூன்று குண்டுகளில் இரண்டு தட்டில் பட்டன. தட்டு ஆடியது, விழவில்லை. அதே துப்பாக்கியில் பழைய ஸ்பிரிங்கை மாட்டிச் சுட்டபோதும் தட்டு ஆடியது, விழவில்லை. ஆட்டத்தில் பெரிய வித்தியாசமும் இல்லை.

பிறகு அவள் மேசை மேல் இருந்த துணியை விலக்கினாள். கழித்துப்போட்ட துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்து அவள் கட்டிய ஒன்று அதில் இருந்தது. சிலிண்டர் பருமனாக, முப்பது மில்லி. அதே பழைய ஸ்பிரிங் பெரிய பிஸ்டனுக்குள் ஆடாமல் இருக்கத் தகரத்தைச் சுருட்டி உள்ளே செருகியிருந்தாள். "இப்பப் பாருங்க" என்றாள்.

"பொத்" என்று ஒரு சத்தம். குண்டு தட்டில் பட்டது. தட்டு முன்னைவிட மெதுவாக ஆடி நின்றது.

இன்னொரு முறை. அதேதான்.

செயலாளர் வாய்விட்டுச் சிரித்தார். "இதுக்குத்தாம்மா படிச்சவங்க வேணுங்கறது" என்று உறையைத் தூக்கிக் காட்டினார். "இதோ, உன் தம்பியே எழுதிக் குடுத்திருக்கான். உன் ரத்தம்!"

அக்கா பருமன் சிலிண்டரைக் கழற்றி அதன் வாய்க்குள் விரலை விட்டாள். ஒரு விரல் அல்ல, இரண்டு போனது. அவளுடைய தோள் தளரும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

"தப்பு என்னுது" என்றாள் சத்தமாக. "நீங்க கோவத்துல ஸ்பிரிங்க பெருசாக்குனீங்க. நான் கோவத்துல சிலிண்டர பெருசாக்கிட்டேன். ரெண்டும் ஒரே முட்டாள்தனம். இவ்வளவு காத்த நசுக்க இந்த ஸ்பிரிங்குக்கு முதுகு இல்ல. பாதிலயே மூச்சு வாங்குது. வீட்டுலயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். உங்கள வாயடைக்கணும்னு இருக்கறதுலயே பெருச எடுத்தேன் பாருங்க, அதுக்கு எனக்கு வேணும். அரை மணி நேரம் குடுங்க. நடு அளவு ஒண்ணு இருக்கு, இருபத்தஞ்சு."

"சோதனை முடிஞ்சுது. சாவி" என்று செயலாளர் கையை நீட்டினார்.

மரத்தடியிலிருந்து மேசைக்கு முப்பது அடி இருக்கும். அதை எப்படிக் கடந்தோம் என்று தம்பிக்குத் தெரியாது. வந்து நின்று, "அந்தத் தாளக் குடுங்க சார்" என்றான்.

"எதுக்கு?"

"என் தாள்தான? ஒண்ணு எழுத மறந்துட்டேன்."

உறையிலிருந்து தாளை உருவி, மேசை மேல் வைத்து, கையெழுத்துக்குக் கீழே எழுதினான்: 'இக்கணக்கில் சிலிண்டரின் கொள்ளளவு சேர்க்கப்படவில்லை. எனவே இக்கணக்கு செல்லாது.' எழுதும்போது அக்கா ஜெயிப்பாளா என்று அவனுக்குத் தெரியாது. இருபத்தைந்து மில்லியும் தோற்றுப்போகலாம். தோற்றாலும் தன் கணக்கு தப்புதான் என்று மட்டும் தெரிந்தது. மறுபடி கையெழுத்திட்டான். இந்த முறை பட்டத்தைப் போடவில்லை.

"போட்ட கையெழுத்து போட்டதுதான்" என்றார் செயலாளர்.

"அப்ப ரெண்டும் போட்டதுதான சார்" என்றார் பயிற்சியாளர் அம்மா. "அரை மணி நேரம்தான கேக்கறாங்க. எனக்கு அவசரமில்ல. யாருக்காவது அவசரமா?" குழுவில் யாருக்கும் இல்லை.

அக்கா தம்பியைப் பார்க்கவில்லை. பட்டறைக்குப் போகிறபோது, "பிடிக்க ஆள் வேணும். ஸ்பிரிங் தெறிச்சா கண்ணு போயிடும். இறுக்கிப் பிடி" என்றாள், காற்றோடு பேசுவதுபோல. அவன் பின்னாலேயே போனான். தகரத்தைச் சுருட்டி பிஸ்டனுக்குள் செருகினாள். சட்டத்தில் ஸ்பிரிங்கை அமுக்கி, அவன் பிடித்துக்கொள்ள, அதைப் பூட்டி வைக்கும் ஊசியை மாட்டினாள்.

முதல் குண்டுக்கே தட்டு சாய்ந்தது. இரண்டாவது. மூன்றாவது தட்டின் ஓரத்தில்தான் பட்டது, அதுவும் கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தது. பயிற்சியாளர் அம்மா தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "உதைக்கவே இல்ல!"

அவள் பட்டறையும் சாவியும் அவளிடமே இருந்தன. முரட்டு ஸ்பிரிங்குகள் பதினான்கையும் கழற்றிப் பெட்டியில் போட்டு, பழையவற்றை மாட்டி, அந்தத் துப்பாக்கிகளைக் காகித இலக்குக்கு ஒதுக்கினாள். தட்டுக்கென்று இருபத்தைந்து மில்லியில் நான்கு வந்தன. ஆனால் குறிப்பேட்டில் எழுதியது எழுதியதுதானே. அடுத்த கூட்டத்தில் செயலாளர், "முதல் குற்றம் போகட்டும். தேநீரில் விரல் விட்டது விட்டதுதான். அந்தக் கடிதம் வர வேண்டும்" என்றார். அதில் நியாயம் இல்லாமலில்லை.

"தரேன்" என்றாள் விரலக்கா. "விரல் விட்டது தப்புதான். ஆனா மொதல்ல உங்க கடிதம் வரட்டும். சிலிண்டர் விஷயத்துல நான் சொன்னது சரின்னு ஒரு வரி. அது வந்த அன்னிக்கு சாயங்காலமே என்னுது வரும். முறைப்படி."

ஒரு வரிதான். அவரால் எழுத முடியவில்லை. அவளாலும் முடியவில்லை. பதினொரு வருஷம், ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் நிலுவையில் உள்ளவை என்ற தலைப்பின் கீழ் 'பழுதுபார்ப்பாளரிடமிருந்து மன்னிப்புக் கடிதம்: வரவேண்டியது' என்று வாசிக்கப்பட்டது. வாசிக்கும்போது அவள் எழுந்து நின்று, "வரவேண்டியது ரெண்டு. ஒண்ணுதான் எழுதியிருக்கு" என்பாள். பிற்காலத்தில் உறுப்பினர்கள் அந்த வரிக்காகவே கூட்டத்துக்கு நேரத்தில் வந்தார்கள். செயலாளருக்கு உடம்பு முடியாமல்போய்ப் பதவியை விட்ட அன்று, அவள் போய்ப் பார்த்தாள். அவர் டீ கொடுத்தார். அவள் குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அவளால் முடிந்த மரியாதை அவ்வளவுதான். அப்போதும் இருவரும் கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பகல் வேளையில், பட்டறைக்குப் போகச் செருப்பு மாட்டும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

போன மாதம் கழகத்தின் புதுச் செயலாளர் தம்பியைக் கூப்பிட்டனுப்பினார். சின்ன வயசு, நல்ல மாதிரி. பழைய கோப்புகளை எல்லாம் முடித்து வைக்கிறாராம். "ஒண்ணே ஒண்ணுதான் சார் பாக்கி. அவங்க சார்பா நீங்க ரெண்டு வரி எழுதிக் கையெழுத்து போட்டா முடிச்சிடலாம். நானே டைப் பண்ணி வச்சிருக்கேன்" என்று தாளையும் பேனாவையும் நகர்த்தினார்.

தம்பி வாசித்தான். மரியாதையான, எவரையும் நோகடிக்காத இரண்டு வரி. பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றினான்.

"அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு வரி வரணுமே, அது வந்துச்சா?" என்று கேட்டான்.

"அதெல்லாம் கோப்புல இல்லியே சார்."

"அப்ப இதுவும் இருக்கட்டும்" என்றான். மூடியைப் பேனாவில் மாட்டப் போனவன், ஒரு கணம் அதற்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான். போகவில்லை. பேனாவை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்தான்.

கடிதம் இன்னும் வரவேண்டியதுதான்.